36 கணுக்களுக்கு முதுகெலும்பு தேர்வது: ஆகச் சிறியதைத் தேடாதீர்கள்

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டியும் பக்கத்து ஒழுங்கைகளிலும் 36 சிறிய கருவிகளை வைத்து, மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கப் போகிறீர்கள். ஒவ்வொன்றும் ஓர் ஈஎஸ்பி32 போர்ட் (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), ஒரு பற்றரி, சின்ன சோலார் பனல். இப்படிப்பட்ட கருவி ஒன்றைத்தான் கணு என்கிறேன். அவை வைஃபை றேடியோவில் தங்களுக்குள் கதைத்துக் கதைத்து, கடைசியில் காலி வீதிப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கும் இணைய இணைப்புக்குத் தரவைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். உங்கள் மேற்பார்வையாளர் "முதுகெலும்பு ஒன்றைக் கட்டுங்கள், சிடிஎஸ் அல்கோரிதங்களைப் பாருங்கள்" என்றிருக்கிறார். ஆகச் சிறிய முதுகெலும்பைத் தருகிற அல்கோரிதம் எது என்பது உங்கள் கேள்வி.

நேரடியாகச் சொன்னால், ஆகச் சிறியதைக் கண்டுபிடிப்பது உங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால் கண்டுபிடித்து அப்படியே மாட்டினீர்கள் என்றால் முதல் மாதத்திலேயே அழுவீர்கள். நான் அழுதிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதுகெலும்பு எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். ஒன்றும் யோசிக்காமல், ஒரு கணு சொன்னதைக் கேட்ட எல்லாக் கணுக்களும் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும் என்று விட்டால் செய்தி எப்படியும் போய்ச் சேரும். கலியாண வீட்டுச் செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவுகிற மாதிரித்தான். ஆனால் றேடியோவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் ஒருவருக்கும் கேட்காது. 1999இல் தாய்வான் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒலிபரப்புப் புயல் என்று பெயர் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்வதால் புதிதாகக் கேட்கக்கூடிய பரப்பு, எவ்வளவு நல்ல இடத்தில் நீங்கள் நின்றாலும் 61 வீதத்தைத் தாண்டாது, சராசரியாக 41 வீதம். அதே செய்தி ஏற்கெனவே நாலு தரம் உங்கள் காதில் விழுந்துவிட்டது என்றால், நீங்கள் ஐந்தாவதாகச் சொல்வதால் கிடைப்பது 5 வீதத்துக்கும் குறைவு. அதாவது அடர்த்தியான இடத்தில் பெரும்பாலான கணுக்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதே உபகாரம். யார் பேசுவது, யார் சும்மா இருப்பது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் முதுகெலும்பு கட்டுவது.

தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, கூட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு கணுவுக்கும் கூட்டத்தில் ஓர் அயல் கணுவாவது, அதாவது நேரே கதைக்கக்கூடிய ஒரு கணுவாவது, இருக்க வேண்டும். இரண்டு, கூட்டத்தில் உள்ளவர்கள் வெளியாள் உதவி இல்லாமல் தங்களுக்குள்ளேயே தொடர்பில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கூட்டத்தைத்தான் கனெக்டெட் டொமினேட்டிங் செட் என்கிறார்கள், சுருக்கி சிடிஎஸ். ஆகச் சிறிய சிடிஎஸ்ஸைக் கண்டுபிடிப்பது என்பி-கடினம், அதாவது எந்த வரைபுக்கும் வேகமாக விடை தரும் வழி ஒன்றும் இதுவரை தெரியாத வகைக் கணக்கு. எல்லாக் கணுவுக்கும் எட்டும் தூரம் ஒன்றே, அது முழு வட்டம் என்று எளிமையாக்கிக்கொண்டாலும் கடினம் குறையாது என்று கிளார்க், கோல்போர்ன், ஜோன்சன் மூவரும் 1990இல் காட்டிவிட்டார்கள்.

இந்த என்பி-கடினம் என்ற சொல்லைக் கேட்டதும் கம்பஸ் பிள்ளைகள் பயந்து நேரே தோராய அல்கோரிதங்களுக்கு ஓடிவிடுகிறார்கள். பயப்படுவதற்கு முன்னால் உங்கள் எண்ணைப் பாருங்கள், 36. இன்டிஜர் புரோகிராமாக, அதாவது ஒவ்வொரு கணுவும் உள்ளே (1) அல்லது வெளியே (0) என்ற சமன்பாடுகளாக, எழுதி, அவற்றைத் தீர்க்கும் இலவச மென்பொருளான சொல்வர் ஒன்றிடம் கொடுத்தால், தேநீர் ஆறுவதற்குள் உங்கள் மடிக்கணினி மிகச் சரியான விடையையே தந்துவிடும். ஆயிரக்கணக்கில் கணு இருந்தால் கதை வேறு. அல்லது கணுக்கள் தாங்களாகவே, நடுவில் ஒரு கணினி இல்லாமல் தீர்மானிக்க வேண்டும் என்றாலும் கதை வேறு. இந்த இரண்டாவது காரணம்தான் உங்களுக்குப் பொருந்தும், அதனால்தான் அல்கோரிதங்களைப் பற்றி மேலே கதைக்க வேண்டியிருக்கிறது.

எல்லோரும் முதலில் படிப்பது சுதீப்தோ குஹாவும் சமீர் குல்லரும் 1996இல் வெளியிட்ட பேராசை முறையை. யோசனை மிக எளிது. எல்லாக் கணுவும் முதலில் வெள்ளை. அயலவர் அதிகமாக உள்ள கணுவைக் கறுப்பாக்கு, அதன் அயலவர் எல்லோரும் சாம்பல் நிறம். பிறகு சாம்பல் கணுக்களுக்குள் எது அதிக வெள்ளைகளைத் தொடுகிறதோ அதைக் கறுப்பாக்கு, அதன் வெள்ளை அயலவரைச் சாம்பலாக்கு. ஒரு வெள்ளைகூட மிஞ்சாத வரைக்கும் இப்படியே. கறுப்புகள்தான் முதுகெலும்பு. ஒரு சாம்பலை மட்டும் பார்க்காமல் சாம்பலும் அதன் அயல் வெள்ளையுமாகச் சோடி சோடியாகப் பார்த்தால் சில இடங்களில் ஏமாறாமல் தப்பலாம், அதையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே கட்டுரையில் இருக்கும் இரண்டாவது அல்கோரிதம், முதலில் சிதறிய துண்டுகளாகத் தேர்ந்து பிறகு அவற்றைக் கோத்துக்கட்டுகிறது. ஒரு கணுவுக்கு அதிகபட்சம் டெல்டா அயலவர் என்றால், அதன் விடை ஆகச் சிறியதைவிட டெல்டாவின் இயற்கை மடக்கை கூட்டல் 3 என்ற மடங்கைத் தாண்டாது. உங்கள் வலையமைப்பில் டெல்டா 12 என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை மடங்கு. இது மோசமான நிலைக்கான உத்தரவாதம் மட்டுந்தான், நடைமுறையில் ஒன்றிரண்டு கணுதான் கூட வரும்.

அடுத்தது, 2002இல் வான், அல்சூபி, ஃபிரீடர் மூவரும் தந்த, நடுவில் ஒரு கணினி இல்லாமல் கணுக்களே பகிர்ந்து செய்யும் முறை. ஒன்றுக்கொன்று அயலாக இல்லாத கணுக்களாக, இனி ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாது என்னும் அளவுக்கு முதலில் பொறுக்கிக்கொள்வது, பிறகு இடையில் உள்ளவற்றைச் சேர்த்து அவற்றைத் தொடுப்பது. இதில் எனக்குப் பிடித்தது அதன் கேத்திரகணிதம். ஒரு கணுவைச் சுற்றி எட்டும் தூர வட்டம் ஒன்றை வரையுங்கள். அந்த வட்டத்துக்குள், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத மாதிரி எத்தனை பேரை நிறுத்தலாம்? ஐந்து பேரைத்தான். ஆறாவது ஆளை நிறுத்தினால், நடுவிலிருந்து பார்க்கும்போது யாரோ இருவருக்கு இடையிலான கோணம் 60 பாகைக்கு மேல் போக முடியாது, கோணம் 60க்குள் என்றால் அந்த இருவருக்கும் இடைப்பட்ட தூரமும் எட்டும் தூரத்துக்குள் வந்துவிடும். இந்த ஒரு சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டுதான், தங்கள் முதுகெலும்பு ஆகச் சிறியதைப்போல் ஏறக்குறைய 8 மடங்குக்குள் அடங்கும் என்று நிறுவினார்கள். பிறகு வந்தவர்கள் அதை இன்னும் இறுக்கினார்கள்.

பரீட்சையில் எழுதும்போது "மாறிலி மடங்கு, ஆகவே மடக்கை மடங்கைவிடச் சிறந்தது" என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மடக்கை கூட்டல் 3 என்பது 8ஐத் தாண்ட வேண்டுமென்றால் ஒரு கணுவுக்கு 148 அயலவருக்கு மேல் இருக்க வேண்டும். வெள்ளவத்தை எவ்வளவு நெருக்கமான இடமாக இருந்தாலும் உங்கள் 36 கணுவில் அது நடக்காது. 2003இல், எவ்வளவு துல்லியம் கேட்டாலும் அவ்வளவு நெருங்கிப் போகலாம் என்றும் நிறுவிவிட்டார்கள். அழகான முடிவுதான், ஆனால் அதை மொட்டைமாடியில் ஓடவிட்ட ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த நிறுவல்கள் முழுவதும் எட்டும் தூரம் வட்டம் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. இங்கேதான் என் கதை. சில வருடங்களுக்கு முன் கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கையில், எதிரெதிரே உள்ள தொடர்மாடிகளுக்கு 14 வயர்லெஸ் பெட்டிகளை மாட்டினோம். நான் கெட்டித்தனமாகப் பேராசை முறையை ஓடவிட்டு, நாலே நாலு பெட்டி போதும் என்று கண்டுபிடித்து, மற்றப் பத்தும் அவற்றில் தொங்கட்டும் என்று விட்டேன். இரண்டு நாள் அருமையாக ஓடியது. பிறகு தினமும் விடியப்புறம் ஒரு பக்கம் செத்துவிடும், பின்னேரம் தானாக உயிர் வரும். கேபிளைச் சந்தேகித்தோம், பவர் அடாப்டரை மாற்றினோம், உப்புக்காற்றில் கனெக்டர் துருப்பிடித்திருக்கும் என்று கழற்றித் துடைத்தோம், காகம் அன்ரனாவை ஆட்டிவிடுகிறது என்று கம்பி வலைகூட அடித்தோம். இரண்டு கிழமை கழித்து, மொட்டைமாடியில் நின்ற காவல்காரர் "ஐயா, தாங்கியில் தண்ணீர் நிரம்பினால்தான் உங்கட லைட் சிவப்பாகுது" என்றார். அந்தப் பெட்டியின் அன்ரனா நின்றது பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கிகளுக்குச் சரி பின்னால். இரவில் பம்ப் ஓடித் தாங்கி நிரம்பும், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு ஒரு மீற்றர் தண்ணீர் என்பது சுவர் மாதிரி. பகல் முழுக்கச் சனம் குளித்துத் தோய்த்து மட்டம் இறங்கினால் வெற்றுப் பிளாஸ்டிக் வழியே அலை போய்விடும். நான் போட்ட வரைபில் (எது எதோடு கதைக்கும் என்ற படத்தில்) அந்த இணைப்பு இருந்தது, ஏனென்றால் நான் அளந்தது பின்னேரம் நாலு மணிக்கு.

அதனால் அல்கோரிதத்தைத் தொடுவதற்கு முன் வரைபைச் சரியாக்குங்கள். 36 கணுவையும் மாட்டிவிட்டு, முதுகெலும்பு ஒன்றும் இல்லாமல், ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்ல மற்றவை எத்தனை கேட்டன என்று எண்ணட்டும். ஒரு நாள் முழுக்க, முடிந்தால் ஒரு மழை நாளையும் சேர்த்து. இரண்டு திசையையும் தனித்தனியாக எண்ண வேண்டும். இங்கிருந்து அங்கே 90 வீதமும் அங்கிருந்து இங்கே 60 வீதமும் போகிறது என்றால், ஒரு பொதியை அனுப்பி அதற்குப் பதிலும் கிடைக்கச் சராசரியாக 1 வகுத்தல் 0.54, அதாவது கிட்டத்தட்ட 1.85 முறை முயல வேண்டும். 2003இல் வந்த ஈடிஎக்ஸ் என்ற அளவு இதுதான். நான் என்றால் நாளின் மிக மோசமான மணித்தியாலத்தில் இந்த எண் ஒன்றரைக்கு மேல் போகிற இணைப்பை வரைபிலிருந்தே அழித்துவிடுவேன். வரைபு மெலியும், முதுகெலும்பு கொஞ்சம் பெருக்கும். பெருக்கட்டும்.

சரி, கணுக்கள் தாங்களாகவே தீர்மானிக்கும் முறைக்கு வருவோம். எனக்கு நம்பிக்கையானது 1999இல் ஜீ வு, ஹைலன் லி இருவரும் சொன்ன குறியிடும் முறை. ஒவ்வொரு கணுவும் தன் அயலவரின் பெயர்களையும், அந்த அயலவரின் அயலவர் பெயர்களையும் அறிந்தால் போதும். பிறகு தன்னையே ஒரு கேள்வி கேட்கும்: என் அயலவரில் ஒருவரோடு ஒருவர் நேரே கதைக்க முடியாத இருவர் இருக்கிறார்களா? இருந்தால் நான் முதுகெலும்பு.

ஓர் ஒழுங்கையில் ஏழு வீடு என்று வைப்போம். 1, 2, 3 மூன்றும் ஒன்றுக்கொன்று கேட்கும். 4ஆம் இலக்கத்துக்கு 2, 3, 5 மூன்றும் கேட்கும். 5, 6, 7 மூன்றும் ஒன்றுக்கொன்று கேட்கும். 1ஆம் வீட்டின் அயலவர் 2உம் 3உம், அவர்களுக்குள் நேரே தொடர்பு உண்டு, ஆகவே 1 ஒதுங்கிவிடும். 2இன் அயலவரில் 1உம் 4உம் ஒருவரையொருவர் அறியார், ஆகவே 2 குறி போட்டுக்கொள்ளும். 3உம் அப்படியே. 4க்கு 2உம் 5உம், 5க்கு 4உம் 6உம். 6, 7 ஒதுங்கும். ஆக 2, 3, 4, 5. இதில் 2உம் 3உம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று பார்த்தாலே தெரிகிறது. அதற்கு ஒரு கத்தரிப்பு விதி இருக்கிறது: என்னையும் என் அயலவர் எல்லோரையும் இன்னொரு குறியிட்ட கணு முழுதாக மூடுகிறது, அதன் இலக்கமும் என்னுடையதைவிடப் பெரிது என்றால் நான் விலகிக்கொள்ளலாம். 2 விலகும், 3, 4, 5 மிஞ்சும். இந்த வரைபுக்கு மூன்றுக்குக் குறைய முடியாது, நீங்களே முயன்று பாருங்கள்.

இலக்கம் பெரிது என்ற நிபந்தனை ஏதோ அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்து நிறையப் பேர் எழுதும்போது விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் 3 பார்த்துக்கொள்ளும் என்று 2உம், 2 பார்த்துக்கொள்ளும் என்று 3உம் ஒரே நேரத்தில் விலகும், 1ஆம் வீடு தனித்துப் போகும். இலக்கத்துக்குப் பதில் பற்றரி அளவை வைத்து, பற்றரி குறைந்தவர் விலகட்டும் என்றும் செய்யலாம், வேலையும் சுழற்சியில் மாறும். ஆனால் பற்றரியை நாலு படியாக மட்டும் சொல்லுங்கள், சமமானால் இலக்கத்தைப் பாருங்கள். மில்லிவோல்ட் மில்லிவோல்டாக ஒப்பிட்டால் முகில் போகும்போதெல்லாம் முதுகெலும்பு மாறும். அதோடு, தான் கடைசியாக அறிவித்த அளவையே கணு தன் முடிவுக்கும் பாவிக்க வேண்டும். உள்ளே இப்போதைய அளவு ஒன்று, அயலவருக்குச் சொன்ன பழைய அளவு இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் பழையபடி இருவரும் ஒரே நேரத்தில் விலகுவார்கள்.

எழுதுவதும் சுகம். 36 கணுதானே, முழு அயல் பட்டியலும் 36 பிட், 5 பைட்டுக்குள் அடங்கும். ஈஎஸ்பி-நவ் (ஈஎஸ்பி32 கருவிகள் ரவுட்டர் இல்லாமல் நேரே கதைக்கும் முறை) பழைய பதிப்பிலேயே ஒரு பொதியில் 250 பைட் வரை போகும், அதனால் ஒரு ஹலோ செய்தியில் பெயர், பற்றரிப் படி, அயல் பட்டியல் எல்லாவற்றையும் போட்டும் நிறைய இடம் மிஞ்சும். கத்தரிப்பு விதி என்பது 64 பிட் எண்கள் இரண்டுக்கு இடையில் ஓர் ஆண்ட், ஒரு நொட். அவ்வளவுதான்.

இந்த முறைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. வேண்டுமென்றே கோணலாக வரைந்த வரைபுகளில் இது ஆகச் சிறியதைவிட மிகப் பெரிய முதுகெலும்பைத் தரும், மாறிலி உத்தரவாதம் ஒன்றும் கிடையாது. எனக்கு அது கவலையில்லை. கத்தரிக்காமல் விட்ட குறிகளுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: எந்த இரண்டு கணுவுக்கும் இடையிலான மிகக் குறுகிய பாதையும் அப்படியே முதுகெலும்புக்குள் கிடக்கும். கத்தரிக்கக் கத்தரிக்க அது போய், பாதை சில இடங்களில் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும். ஒரே அலைவரிசையில் நீளமான சங்கிலியாகப் போனால் தாவல் (ஒரு கணுவிலிருந்து அடுத்ததுக்குப் போவது) ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. எம்ஐடி ஆட்கள் 2001இல் காட்டியபடி சங்கிலியில் கிடைப்பது ஒற்றை இணைப்பின் கொள்ளளவில் கோட்பாட்டுக்கு நாலில் ஒன்று, வைஃபை நடத்தையோடு ஓடவிட்டால் ஏழில் ஒன்று. நீர்மட்டம் என்பது நாலு பைட், அதனால் உங்களுக்கு இப்போது வலிக்காது. அடுத்த வருடம் யாராவது "படமும் அனுப்புவோம்" என்பார்கள், அப்போது வலிக்கும்.

இப்போது அந்த ஏழு வீட்டுக்குத் திரும்புங்கள். 4ஆம் இலக்கம் செத்தால் என்ன ஆகும்? ஒழுங்கை இரண்டாகப் பிளந்துவிடும். எந்த அல்கோரிதத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது, 3ஐயும் 5ஐயும் சேர்க்கிற வேறு வழியே வரைபில் இல்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது என் நாலு பெட்டி முதுகெலும்பு இப்படித்தான் விழுந்தது. ஏ, பி என்று பிரிவு பிரிவாக வெட்டினார்கள், நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வேறு வேறு பிரிவு. இந்தப் பக்கம் கறண்ட் இருந்து பெட்டிகள் மினுங்கிக்கொண்டிருந்தாலும், போக வேண்டிய வழி இருட்டில் கிடந்த அந்தப் பக்கத்தில். ஐந்தாவதாக ஒரு பெட்டியை முதுகெலும்பில் விட்டிருந்தால் தப்பியிருப்போம், அது அங்கேயே சும்மா தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதற்காகத்தான் ஆகச் சிறியதைத் தேடாதீர்கள் என்றேன். தேட வேண்டியது இது: வெளியே உள்ள ஒவ்வொரு கணுவுக்கும் முதுகெலும்பில் குறைந்தது இரண்டு அயலவர், முதுகெலும்பில் எந்த ஒன்றைப் பிடுங்கினாலும் மிச்சம் அறுபடக் கூடாது. இதற்கும் தனியாக அல்கோரிதங்கள் உண்டு, ஆனால் 36 கணுவில் சொல்வரிடம் விடை வாங்கி, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, அறுபடுகிற இடத்தில் ஒரு நிபந்தனையைக் கூட்டி மறுபடி ஓடவிட்டால் முடிந்தது. வரைபிலேயே அறுபடும் புள்ளி இருந்தால் அங்கே இன்னொரு கருவி வாங்கி வைக்க வேண்டும். வேறு மருந்து கிடையாது.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுவோம், பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஈஎஸ்பி32 றேடியோவைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தால் கிட்டத்தட்ட 100 மில்லி அம்பியர். ஆழ்ந்த உறக்கத்தில் சில்லு மட்டும் 10 மைக்ரோ அம்பியர் அளவு. 2600 மில்லி அம்பியர் மணி பற்றரி ஒன்றில் முதுகெலும்புக் கணு 26 மணித்தியாலம் நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 செக்கன் எழும்புகிற சாதாரணக் கணு, கணக்குப்படி 130 நாள்; போர்டில் உள்ள மற்றச் சில்லுகள் குடிப்பதைக் கழித்தாலும் கிழமைக்கணக்கில் நிற்கும். தென்மேல் பருவத்தில் மூன்று நாள் தொடர்ந்து இருட்டிக்கொண்டு பெய்தால் சின்னப் பனல் 26 மணித்தியாலத்தைத் தாண்ட உதவாது, நீங்கள் அளக்க வேண்டிய வெள்ளம் வருவதும் அந்த மூன்றாம் நாள்தான். எனவே முதுகெலும்பை வீட்டு மின்சாரத்தில் மாட்டி, பக்கத்தில் யூபிஎஸ் வைக்கக்கூடிய வீடுகளில் வையுங்கள். சொல்வரில் அதற்கு எடை போடலாம்: மின்சாரம் உள்ள கணுவுக்கு விலை 1, பனல் கணுவுக்கு விலை 10. எண்ணிக்கையில் பெரியதாக வந்தாலும் மழையில் நிற்கக்கூடிய முதுகெலும்பு அப்படித்தான் கிடைக்கும்.

கால்வாய்க் கரையில் நேர்கோட்டில் வைக்கப்போகிற கணுக்களைப் பற்றியும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னே ஒன்று பின்னே ஒன்று மட்டுமே கேட்டால் அது வெறும் சங்கிலி. n கணுக்கள் உள்ள சங்கிலியில் ஆகச் சிறிய முதுகெலும்பு n கழித்தல் 2, இரண்டு நுனியைத் தவிர எல்லாரும் வேலை செய்ய வேண்டும். அல்கோரிதத்தால் அங்கே ஒரு லாபமும் இல்லை, அடர்த்தி இருக்கிற ஒழுங்கைகளில்தான் இந்த விளையாட்டு பலிக்கும். கரையோரக் கணுக்களுக்குத் தூரம் போகக்கூடிய லோரா றேடியோ போட்டு, உயரமான தொடர்மாடி ஒன்றின் மேல் தரவை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் ஒரு கேட்வே வைத்து, எல்லாவற்றையும் அதற்கு நேரே பேசவிடுவதே என் தெரிவு. மேற்பார்வையாளர் "அப்போ சிடிஎஸ் எங்கே?" என்று கேட்டால் ஒழுங்கைப் பக்கத்தைக் காட்டுங்கள்.

தயாராக இருப்பதைப் பாவிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓஎல்எஸ்ஆர் என்ற வழித்தேர்வு நெறிமுறை 2003இல் பரிசோதனை நிலை ஆவணமாக வந்தது, அதில் எல்லோருக்கும் பொதுவான ஒரே முதுகெலும்பு கிடையாது. ஒவ்வொரு கணுவும், இரண்டு தாவலில் உள்ளவர் எல்லோரையும் எட்ட எந்த அயலவர் போதும் என்று தனக்கென்று ஒரு சின்னக் குழுவைத் தேர்ந்து வைத்துக்கொள்ளும். வழமையான அமைப்பில் இரண்டு செக்கனுக்கு ஒரு ஹலோ. ரவுட்டருக்குச் சரி, பனலில் ஓடுகிற கணுவுக்குத் தாங்காது. லோரா றேடியோக்களில் ஓடும் மெஷ்டாஸ்டிக் மென்பொருள் இன்னும் விசித்திரம், முதுகெலும்பே கட்டாது. செய்தியைப் பலவீனமாகக் கேட்டவர் தூரத்தில் இருப்பார் என்று கொண்டு அவரை முதலில் திருப்பிச் சொல்ல விடுகிறது, அதைக் கேட்ட சாதாரணக் கணுக்கள் தாங்கள் சொல்லவிருந்ததைக் கைவிடுகின்றன. வழமையாக மூன்று தாவலோடு நின்றுவிடும், கூடினால் ஏழு. செய்முறைக்கு வாங்கிப் பார்க்கலாம், ஆய்வேட்டுக்கு நீங்களே எழுதுங்கள், குறியிடும் முறை இருநூறு வரிக்குள் முடியும்.

முதலில் அந்த ஒரு நாள் அளவை எடுத்து, 36க்கு 36 அட்டவணையாக்கி அனுப்புங்கள், அறுபடும் புள்ளிகளை நான் குறித்துத் தருகிறேன். நீங்கள் போட்டிருந்த வரைபடத்தில் கால்வாய் காலி வீதிப் பாலத்துக்கு அடியால் போகிற இடத்தில் ஒரே ஒரு கணுதான் தெரிகிறது. இரண்டு பக்கத்தையும் இணைப்பது அது ஒன்றுதான் போலிருக்கிறது. கொங்கிறீட்டுக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே, பஸ் போகும்போதெல்லாம் அதிர்கிற இடம். இப்போதே அதற்குச் சோடியாக ஒன்றை மறு கரையில், மொட்டைமாடி உயரத்தில் வைக்க அனுமதி கேட்டு வையுங்கள். அளவெடுத்து முடியும் வரை காத்திருந்தால் அந்த வீட்டுக்காரரிடம் கதைத்துச் சம்மதம் வாங்குவதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.